பறந்தது ஒன்றேகால் மணித்தியாலம்

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு பகிடி சொல்வார்கள். காலி வீதி நெரிசலில் வாகனம் பிடித்து ஒருவன் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள், அங்கே விமானம் ஏறினவன் சென்னையில் இறங்கித் தேத்தண்ணியும் குடித்துவிடுவான் என்று. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அதை ஒரு கணக்காக மனதில் வைத்ததில்லை. எனக்குச் சென்னை மிகத் தூரம். என் அக்கா அங்கே போனவர், திரும்பி வரவில்லை. அந்தத் தூரத்தை அளக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

சண்டை நடந்த காலத்தில் மன்னாரிலிருந்து படகேறிப் போனவர்களில் அக்காவும் ஒருவர். கூட அத்தானும் கைக்குழந்தையும். போன இடத்தில் அகதி என்று பதிந்தார்கள். பதிந்தவர்களுக்குக் கடவுச்சீட்டு இல்லை, நினைத்த நேரம் வந்துபோக வழியும் இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்து, இங்கேயே வேரூன்றிவிட்டோம். அம்மா இங்கேதான் கண்ணை மூடினார். பிறகு அப்பாவும். இரண்டு தடவையும் அக்கா வரவில்லை. அம்மாவின் தலைமாட்டில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஐயர் கிரியை செய்கிற சத்தத்தை அக்கா அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குள்ள பெரிய துக்கம் அதுதான்.

பிற்காலத்தில் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற வசதி வந்தது. அதோடு நாங்களும் திருப்திப்பட்டுக்கொண்டோம். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு வேலைக்குப் போனவன், இன்னும் அங்கேதான். ஒவ்வொரு வருடமும் அக்காவிடம், அடுத்த வருடம் வாறன் என்பேன். அக்காவும் ஓமடா என்பார். அத்தான் காலமானபோதும் அப்படித்தான் சொன்னேன்.

இந்த வருடம் மருமகள், அதாவது அக்காவின் மகள், ஒருநாள் காலையில் போன் எடுத்தாள். அக்காவுக்கு இருதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துவிட்டன, நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று டொக்டர் நாள் குறித்துவிட்டார். வியாழக்கிழமை காலை. பிந்தினால் ஆபத்து. ஆனால் அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்று கிடக்கிறாராம். நான் போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மாவையும் பார்க்கேல்லை, அப்பாவையும் பார்க்கேல்லை," என்றார் அக்கா. "உன்னையும் பார்க்காமல் நான் மயக்க ஊசி போட விடமாட்டன். விளங்குதோ?"

"அக்கா, இப்ப பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீங்கள்?"

"இது கண்ணாடி," என்றார். போனைச் சொன்னார்.

அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கடை முதலாளி லீவு தந்தார். வெள்ளவத்தையில் கட்டிக்கொடுத்த என் மகள் போனிலேயே ரிக்கற் எடுத்தாள். கடவுச்சீட்டு என்னிடம் இருந்தது. அடுத்த வருடம் என்று சொல்லிச் சொல்லியாவது எடுத்து வைத்திருந்தேன். விசாவும் கிடைத்துவிட்டது. ஆனால் வியாழனுக்கு முன்னர் கிடைத்த ஒரே இடம் புதன்கிழமை பின்னேர விமானத்தில்தான்.

மனைவி பஞ்சாங்கத்தை எடுத்தார். எனக்குத் தெரியும் என்ன சொல்வார் என்று. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். சென்னை நேர் வடக்கு. சாதாரண பயணமென்றால் பரவாயில்லை, உயிர்ப் பயணத்துக்குச் சூலத்தில் இறங்கக் கூடாது என்றார். நானும் அதை நம்புகிறவன்தான். மறைக்க என்ன இருக்கிறது? நாளும் கோளும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் விமானக் கொம்பனி எங்கள் பஞ்சாங்கம் பார்த்து ஓடுவதில்லையே.

இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி உண்டு. புறப்பட வேண்டிய நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னர் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணச் சாமானை வீட்டிலிருந்து வெளியே எடுத்து இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அந்த நிமிடமே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளிலும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் வெளியே போன சாமான் வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது. வந்தால் பயணம் முறிந்ததாகிவிடும்.

வைக்கிற சாமானிலும் மனைவிக்கு ஒரு நியாயம் இருந்தது. "வெறும் உடுப்புப் பையை வைச்சால் உடுப்புத்தான் பயணம் போகும். எது இல்லாட்டில் நீங்கள் போகேலாதோ, அது போகவேணும்," என்றார். அப்படியாகக் கடவுச்சீட்டும் விசாக் காகிதமும் ரிக்கற்றும் ஒரு மஞ்சள் துணியில் சுற்றப்பட்டு, என் இரண்டு வேட்டி சட்டைகளுக்கு நடுவே பைக்குள் போயின. திங்கட்கிழமை மாலை, நல்ல நேரம் பார்த்து, நான் வலது காலை எடுத்து வைத்து வெளியேறிப் பையைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்தேன்.

எதிர்வீட்டு அம்மா கத்தோலிக்கர். கணவர் துறைமுகத்தில் வேலை செய்து காலமானவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத் தனியாக இருக்கிறார். ஒரே மகள் நீர்கொழும்பில் வாழ்க்கைப்பட்டு, அப்போது நிறைமாதம். எங்கள் வீட்டுப் பொங்கல் அவர் வீட்டுக்கும், அவர் வீட்டு நத்தார்க் கேக் எங்கள் வீட்டுக்கும் வருடக்கணக்காகப் போய்வருகின்றன. மனைவி விஷயத்தை விளங்கப்படுத்தினார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மாதா படத்துக்குக் கீழே இருந்த கதிரையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பையை அதில் வைத்தார். "மாதா பார்த்துக்குவா அக்கா. நீங்க வந்து எடுக்கிற வரைக்கும் நான் தொடமாட்டேன்," என்று என் மனைவியிடம் சொன்னார்.

புதன்கிழமை விடிய நானும் மனைவியும் கோயிலுக்குப் போனோம். அக்காவின் பெயருக்கு அருச்சனை செய்து, பிரசாதம் வாங்கி, ஆறுதலாக வீடு திரும்பினோம். வாடகைக் கார் வரச் சொல்லியிருந்தது. எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் சிங்களவர், என் வயதுக்காரர், கார் வைத்து ஓடுகிறார். அவர் வந்து ஹோன் அடித்தார். நான் எதிர்வீட்டுக்குப் பையை எடுக்கப் போனேன். கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டுத் தொங்கியது.

சந்தைக்குப் போயிருப்பார் என்று நின்றேன். வரவில்லை. மனைவி அவருக்குப் போன் எடுத்தார். பூட்டிய வீட்டுக்குள்ளே போன் அடித்தது.

பக்கத்து வீடுகளில் விசாரித்தோம். விடியற்காலையில் அவசரமாகப் போனதைப் பார்த்தோம் என்று ஒருவர் சொன்னார். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. நேரம் போய்க்கொண்டிருந்தது. மனைவி எங்கள் வாசலில் நின்று பிள்ளையாரைக் கூப்பிடத் தொடங்கினார். அன்றிரவுக்குள் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நிற்காவிட்டால் அக்கா கையெழுத்துப் போடமாட்டார். அவர் பிடிவாதத்தை அறிந்தவன் நான். வியாழன் தவறினால் டொக்டர் அடுத்த நாள் எப்போது கொடுப்பார், அதுவரைக்கும் இருதயம் தாங்குமா? நானும் என் சாமானும் பத்தடி அகல ஒழுங்கையின் இரண்டு பக்கங்களில் நின்றோம்.

கார்க்காரர் கார்ச் சில்லுக் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, பூட்டை உடைக்கிறதா, ப்ளேனை விடுறதா? ஒண்ணு சொல்லுங்க," என்றார்.

ஆள் இல்லாத வீடு. தனியாக இருக்கிற பெண்ணின் வீடு. மனைவிதான் முன்னுக்கு வந்தார். "உடையுங்கோ. அவ வந்தால் நான் காலில விழுந்து சொல்லுறன்."

இரண்டு நெம்பில் பூட்டு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வீடு கூட்டித் துடைத்திருந்தது. மாதா படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு. கீழே கதிரை. கதிரையில் வெள்ளைத் துணி விரித்தபடி இருந்தது. பை இல்லை.

மனைவி அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். நான் கதிரையைத் தொட்டுப் பார்த்தேன், ஏதோ கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறமாதிரி. கார்க்காரர் அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். அப்போதுதான் குசினியில் இடியப்பத் தட்டுகளுக்குப் பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. தெரியாத இலக்கம். நான் எடுத்தேன்.

"யாரு பேசுறது? அண்ணே, நீங்களா? கடவுளே. பேக் எங்கிட்ட இருக்கு. நான் ஏர்போட்டில நிக்கிறேன்."

எதிர்வீட்டு அம்மாதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். விடியப்புறம் மருமகன் போன் பண்ணி மகளுக்கு வலி தொடங்கிவிட்டது என்றாராம். வீட்டைப் பூட்டிவிட்டு நீர்கொழும்புக்குப் போக வேண்டும். பூட்டினால் எங்களுக்குப் பை எடுக்க முடியாது. எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார், நாங்கள் கோயிலில். திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகவும் நம்பிக்கையான ஆள் அந்நேரம் வெளியில் இல்லை. பையை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்று மனைவி சொன்னது அவர் மனதில் நின்றது. விமான நிலையம் நீர்கொழும்புக்குப் போகிற பக்கம்தானே என்று யோசித்துப் பையைத் தன்னோடு கொண்டு போய்விட்டார். அந்த அவசரத்தில் போனை மறந்துவிட்டார். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பி விமான நிலையத்துக்கு வந்து, ஆரோ ஒருவரிடம் போனை இரந்து வாங்கினால், எங்கள் இலக்கம் அவருக்குப் பாடமில்லை. தன் இலக்கம் ஒன்றுதான் தெரியும். பூட்டின வீட்டில் அடிக்கும் என்று தெரிந்தும் அதற்கே அடித்துக்கொண்டிருந்தாராம், யாராவது கேட்கட்டும் என்று.

மனைவி எழும்பி முகத்தைத் துடைத்தார். "போங்கோ, போங்கோ. நான் இந்த வீட்டு வாசலில இருக்கிறன். அவ வருமட்டும் அசையமாட்டன்," என்றார். அதன் பிறகு, கார் நகரும்போது யன்னலுக்குள் குனிந்து, "பார்த்தீங்களோ, பை முதலே வடக்குப் பக்கம் போயிட்டுது," என்றார். அவருக்கு அதில் ஒரு பெருமை.

பேலியகொடையில் ஏறினால் அதிவேகப் பாதை. கார்க்காரர் அதில் போன வேகத்தை நான் இங்கே எழுதினால் அவருக்குத் தண்டம் வரும். வழியெல்லாம் கந்த சஷ்டி கவசம் சொல்லுகிற கேசட் ஒன்றை அவரே தேடிப் போட்டார், எந்தப் பயணிக்காக வாங்கியதோ தெரியவில்லை.

விமான நிலையத்தில், ஆட்களை வழியனுப்புகிற பக்கத்தில், ஒரு நீள வாங்கில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். விடியற்காலை உடுத்த உடுப்பு, தலை கலைந்திருந்தது. பை அவர் மடியில். இரண்டு கையாலும் அணைத்திருந்தார்.

"ஏன் மடியில வைச்சிருக்கிறீங்கள்? பாரமெல்லோ," என்றேன். எத்தனையோ சொல்ல நினைத்திருந்தும் வாயில் வந்தது அதுதான்.

"கீழ வைக்கலாமோ கூடாதோ தெரியலண்ணே. உங்க வீட்டுச் சட்டம் எனக்கெங்க தெரியும்? பஸ்ஸிலயும் மடியிலதான் வச்சிருந்தேன்."

பூட்டை உடைத்துவிட்டோம் என்று சொன்னேன். "நல்ல காலம் உடைச்சீங்க, இல்லாட்டி போனை யாரு எடுக்கிறது?" என்றார். மகள் எப்படி என்று கேட்டேன். இன்னும் நேரம் இருக்கு என்று நர்ஸம்மா சொன்னதால்தான் வந்ததாகவும், இனிப் போக வேண்டும் என்றும் சொன்னார். வலியில் கிடக்கிற சொந்த மகளை விட்டுவிட்டு, அயலவனின் பையோடு வந்து இருந்த மனுசி. கும்பிட வேண்டும்போல் இருந்தது. பைப் பிடியில் இருந்த அவர் கையைத்தான் பிடித்தேன். "உங்க அக்காவுக்கு நான் வேண்டிக்கிறேன். போங்க, போங்க," என்று என்னைத் தள்ளிவிட்டு, கார்க்காரர் தன் காரிலேயே கொண்டுபோய் நீர்கொழும்பில் விடுகிறேன் என்று கூப்பிட, அவரோடு போனார்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்குகிற வயதில் முதல் முறை ஏறினேன். யன்னல் பக்கம். ஓடி ஓடி வந்து, நிலம் ஒருபக்கமாகச் சரிந்து, தென்னை மரங்கள் எல்லாம் புல்லுமாதிரி ஆகிவிட்டன. நான் சிவ சிவா என்று சொல்லிக்கொண்டிருந்தேன், பயத்தில் இல்லை, வேறு சொல் தெரியாததால். முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை ஒன்றில் ஒரு பொம்மை விமானம் எங்கள் நாட்டின் கரையோரமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. போக வேண்டிய தூரம் அதில் எழுத்தில் வந்தது. அறுநூற்றைம்பது கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நானூறு. அதற்கு நாங்கள் இரவு பஸ்ஸில் முழு இரவும் முதுகு நோக இருந்து போகிறோம். இங்கே சாப்பாட்டுத் தட்டைத் தந்துவிட்டு, நான் அந்தச் சின்னப் பட்டர் பெட்டியைத் திறக்கப் பழகுவதற்குள் தட்டைத் திருப்பிக் கேட்டு வந்துவிட்டார்கள்.

ஓர் இடத்தில் கீழே கடல் வெளிர் நிறமாக, ஆழமில்லாமல், மணல் திட்டுகள் தெரியக் கிடந்தது. அக்கா கைக்குழந்தையோடு படகில் போனது இந்தப் பக்கமாகத்தான் இருக்கும். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. பிள்ளை அழாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததை மட்டும் ஒருமுறை சொன்னார். அந்தக் கடலுக்கு மேலால், குளிருக்குப் போர்வை வேணுமா ஐயா என்று ஒரு பணிப்பெண் என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். கடவுள் மனுசனுக்கு இப்படியொரு மூளையைக் கொடுத்து, இரும்பைப் பறக்க வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. நான் வாழ்நாளெல்லாம் இரும்பு நிறுத்து விற்றவன். அதன் பாரம் எனக்குத் தெரியும்.

மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நிலத்தை விட்டது முதல் நிலத்தைத் தொட்டது வரை ஒன்றேகால் மணித்தியாலம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் முள்ளைத் திருப்பவும் தேவை இருக்கவில்லை.

மருமகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். படகில் வாய் பொத்தி வைத்த அந்தக் குழந்தை, இப்போது கார் ஓட்டுகிறாள், சென்னைத் தமிழ் பேசுகிறாள். நெரிசலில் ஆஸ்பத்திரிக்குப் போக, பறந்த நேரத்துக்குக் குறையாமல் எடுத்தது. "மாமா, சிக்னல்ல நிக்கிற நேரத்துல இன்னொரு தடவை கொழும்பு போயிட்டு வந்திடலாம்," என்றாள்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். போனில் பார்த்ததைவிடச் சின்னவராக இருந்தார். தலைமயிர் முழுக்க வெள்ளை. நான் வாசலில் நின்றேன். அவர் கையை நீட்டினார். நான் போய்ப் பிடித்தேன். முகத்தைத் தடவினார், காதைத் தடவினார், சின்ன வயதில் விழுந்து வெட்டுப்பட்ட புருவத் தழும்பைத் தேடித் தொட்டார். நாங்கள் இருவரும் அழவில்லை. மருமகள்தான் வெளியே போய் அழுதாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "பிளேனில எவ்வளவு நேரமடா?" என்று கேட்டார்.

"ஒண்டேகால் மணித்தியாலம், அக்கா."

அவர் விரல்கள் என் கையில் இருந்தன. அவர் மனதுக்குள் எதையோ எண்ணுவது தெரிந்தது.

"அப்ப, அம்மா செத்த அண்டைக்கு," என்றார், "நான் ஒண்டேகால் மணித்தியாலத் தூரத்தில இருந்துதான் அழுதிருக்கிறன்."

தூரம் அதுவல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடவுச்சீட்டு இல்லாதவருக்கு எந்த விமானமும் ஒன்றேகால் மணித்தியாலத்தில் பறப்பதில்லை. ஆனாலும் அவர் அதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லட்டும் என்று நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார், அப்பாவுக்கு என்ன வேட்டி கட்டி அனுப்பினோம், யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். போனில் ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். முடிந்ததும் தலையணையில் சாய்ந்து, "நர்ஸைக் கூப்பிடு. கையெழுத்துப் போடுறன்," என்றார்.

மறுநாள் காலை தள்ளுகட்டிலில் கொண்டு போனார்கள். கதவடியில் நிறுத்தினபோது என்னைப் பார்த்து, "நிக்கிறியோ, இல்லாட்டில் ஒண்டேகால் மணித்தியாலத்தில திரும்பிப் போயிடுவியோ?" என்றார். பகிடிதான். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

"நிக்கிறன் அக்கா. நீங்கள் வெளியில வருமட்டும் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

கதவு மூடியது. எனக்குத் தெரிந்த தேவாரங்களை ஒன்று விடாமல் மனதுக்குள் சொன்னேன். முடிந்ததும் திரும்பத் தொடங்கினேன். இடையில் மனைவி போன் எடுத்து, எதிர்வீட்டு அம்மாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் சுகம் என்றார். நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டேன். மருமகள் தேநீர் வாங்கி வந்தாள், அது ஆறிப்போனது. விமானத்தில் கடலைத் தாண்டின நேரம் கண் மூடித் திறக்கப் போனது. அந்தக் கதவடியில் இருந்த நேரம் நகரவே இல்லை.

மத்தியானம் கழிந்து டொக்டர் வந்தார். முகமூடியைக் கழற்றினார். நான் எழும்பவில்லை, எழும்பமாட்டேன் என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். இருந்தபடியே அண்ணாந்து பார்த்தேன். எல்லாம் நல்லபடி முடிந்தது, இருதயம் தானாகவே அடிக்கிறது, நாளைக்குப் பேசுவாங்க என்று அவர் சொன்னார். மருமகள் என் தோளில் சாய்ந்தாள். அவர்கள் தள்ளுகட்டிலை வெளியே கொண்டு வந்து என்னைக் கடந்து போன பிறகுதான் நான் எழும்பி, அக்காவுக்குப் பின்னால் நடந்தேன்.